தண்டனை முடிந்த மறுநாள்: கைரேகைச் சட்டத்திலிருந்து 394-ஆம் பிரிவு வரை

போக்சோ வழக்குத் தீர்ப்புச் செய்திகளைக் கவனித்துப் படித்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். குற்றவாளியின் வயது, ஊர், எத்தனை ஆண்டு சிறை, எவ்வளவு அபராதம், அபராதம் கட்டாவிட்டால் கூடுதலாக எத்தனை மாதம். எங்கள் பக்கத்துச் செய்தியாக இருந்தால் கடைசி வரி அநேகமாக "பாளையங்கோட்டை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்" என்று முடியும். அதற்கு அடுத்த வரி எந்தப் பேப்பரிலும் வராது. நிருபர் விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தீர்ப்பிலேயே அடுத்த வரி கிடையாது.

இதைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் சொந்தக்கார அக்கா ஒருத்தர் கேட்ட கேள்வி. ஏதோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு, "செல்போன்லதான பேசிப் பேசி அந்தப் பிள்ளைய ஏமாத்துனான்? வெளிய வந்த பொறவு அவனுக்கு செல்போன் வச்சிக்கிட விடுவாவளா?" என்று கேட்டார். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன், வக்கீல் இல்லை. ஆனால் ஒரு சிஸ்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியவனின் கணக்கை முடக்குவது, அனுமதியைக் குறைப்பது எல்லாம் எங்கள் தொழிலில் தினசரி நடக்கிற காரியம். கோர்ட்டும் அப்படி ஏதாவது செய்யுமா என்று பார்க்கப் போனேன். போன இடம் 1871 வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் குற்றத்தின் பெயர். ஆங்கிலத்தில் இதை க்ரூமிங் என்கிறார்கள். தமிழில் இன்னும் ஒட்டுகிற மாதிரி ஒரு சொல் அமையவில்லை. "ஆசைவார்த்தை கூறி" என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது விஷயத்தின் பாதிதான். பிள்ளையோடு மெதுவாகப் பழகி, நம்பிக்கையைச் சம்பாதித்து, வீட்டாரிடம் சொல்லாத ரகசியமாக அந்தப் பழக்கத்தை மாற்றி, பிறகு அதைப் பாலியல் நோக்கத்துக்குத் திருப்புவது என்பதுதான் முழு அர்த்தம். இந்தக் கட்டுரையில் 'பழக்கி வசப்படுத்துதல்' என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் சட்டத்தில் இதற்கு நேராக வருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு. 2008-இல் திருத்தமாக வந்து, 2009 அக்டோபர் 27-இல் அமலானது. பாலியல் நோக்கத்தோடு குழந்தையை இணையவழி உறவுக்குப் பழக்குவதையும், ஆசைகாட்டுவதையும், தூண்டுவதையும் அது குற்றமாக்குகிறது. முதல் முறை என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். மறுபடி செய்தால் ஏழு ஆண்டு வரை. 2012 நவம்பர் 14-இல் அமலான போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. அதற்கு 12-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை. பிள்ளையை மிரட்டிப் படம் அனுப்ப வைத்தால் கதை மாறும். 13, 14-ஆம் பிரிவுகள் வந்துவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு, மறுமுறை ஏழு ஆண்டு. நேரில் வரவழைத்துத் தொட்டுவிட்டால் இன்னும் மேலே.

ஒரே செயல் இரண்டு சட்டங்களில் விழுந்தால், எதில் தண்டனை கூடுதலோ அதன்படிதான் கொடுக்கவேண்டும் என்று போக்சோ 42-ஆம் பிரிவு சொல்கிறது. பல குற்றச்சாட்டுகளில் தனித்தனியாகத் தண்டனை வரும்போது "ஏககாலத்தில் அனுபவிக்க" என்று உத்தரவு இருந்தால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். அதனால்தான் செய்தியில் ஐந்து, மூன்று, இரண்டு என்று வந்தாலும் உள்ளே இருப்பது ஐந்துதான். இதைக் கூட்டிப் பார்த்துப் பத்து என்று நம்புகிறவர்கள் நிறைய.

உச்சிக்குப் போனால், பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் 'வெளியே வந்த பிறகு' என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் இணையத்தில் பழக்கி வசப்படுத்தும் நிலையிலேயே பிடிபட்டவன், அதாவது இன்னும் நேரில் வரவழைக்காதவன், மூன்றோ ஐந்தோ ஆண்டில் வெளியே வந்துவிடுவான். அந்தப் பிள்ளை அப்போதும் பள்ளிக்கூடத்தில்கூட இருக்கலாம். அக்காவின் கேள்வி இந்த ஆளைப் பற்றியதுதான்.

இதே ஆளுக்கு இங்கிலாந்தில் என்ன நடக்கும்? 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம், பழக்கி வசப்படுத்திய பின் குழந்தையைச் சந்திப்பதை, சந்திக்கக் கிளம்புவதைக்கூட, தனிக் குற்றமாக்கியது. அதிகபட்சம் பத்து ஆண்டு. 2017 ஏப்ரலில் குழந்தையோடு பாலியல் ரீதியாகச் செய்தி பரிமாறுவதே தனிக் குற்றமாக அமலானது, அதற்கு இரண்டு ஆண்டு வரை. எண்களைப் பார்த்தால் நம்மைவிட ரொம்பக் கடுமை என்று சொல்ல முடியாது. வித்தியாசம் சிறைக்குப் பிறகு இருக்கிறது. தண்டனை கொடுக்கும் நீதிபதியே 'பாலியல் தீங்குத் தடுப்பு உத்தரவு' என்று ஒன்றைச் சேர்த்துப் போடலாம். குறைந்தது ஐந்து ஆண்டு, தேவைப்பட்டால் காலவரை இல்லாமலும். மீறினால் அதுவே புதுக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை.

அந்த உத்தரவில் என்ன எழுதலாம் என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஆரம்பத்தில் சில கோர்ட்டுகள் 'இன்டர்நெட்டே தொடக்கூடாது' என்று எழுதின. 2011-இல் ஸ்மித் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலை தேடுவதற்கும், பேங்குக்கும், அரசாங்கப் படிவத்துக்கும் இணையம் வேண்டியிருக்கிற காலத்தில் முழுத்தடை அளவுக்கு மீறியது என்றது. பதிலுக்கு அது விரும்பியது என்ன தெரியுமா? பிரவுசர் ஹிஸ்டரியை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும், போலீஸ் கேட்டால் கருவியைக் காட்டவேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், அக்சஸை வெட்டாதே, லாகை எடு. பத்து வருஷம் கம்பெனிகளில் அடிபட்டு நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தை கோர்ட் தன்பாட்டுக்குக் கண்டுபிடித்திருக்கிறது! உத்தரவு குற்றத்துக்குப் பொருத்தமாக, போலீஸ் சரிபார்க்கக் கூடியதாக, அந்த ஆள் கடைப்பிடிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 2008-இல் இன்னும் பெரிய கத்தியை எடுத்தது. பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் இருப்பவர், சிறுவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளக்கூடிய எந்தச் சமூக வலைத்தளத்துக்குள்ளும் நுழையக் கூடாது. பதிவேட்டிலிருந்த ஒருவர் தன் மேலிருந்த டிராபிக் வழக்கு தள்ளுபடியான சந்தோஷத்தை பேஸ்புக்கில் போட்டதற்காக வழக்குப் போட்டார்கள். 2017 ஜூனில் பாக்கிங்ஹாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. ஒரு நீதிபதிகூட அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற நிற்கவில்லை. அதேசமயம், சிறுவர்களைத் தொடர்புகொள்வதைத் தடுக்கும் குறுகலான சட்டம் போடலாம் என்ற வழியைத் திறந்தே வைத்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே அப்படி ஓர் உத்தரவு ஏன் இல்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது மட்டும் போதவில்லை. சிறைக்கு வெளியே இருப்பவனைக் கண்காணிப்பது என்ற வேலை இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. பழைய வேலை, கெட்ட பெயர் எடுத்த வேலை.

சேரன்மகாதேவிக்காரர்களுக்கு சப்-கலெக்டர் ஆபீஸ் என்றால் பட்டா, சாதிச் சான்றிதழ் அப்பீல் மட்டும் ஞாபகம் வராது. "அவன் மேல 110 போட்டிருக்காவ" என்ற பேச்சும் சேர்ந்து வரும். வெள்ளைக்காரன் காலத்திலேயே இது ஒரு கோட்டத்தின் தலைமையிடம். கோட்டத்து அதிகாரிதான் நிர்வாக நடுவரும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில், இப்போது புதுச் சட்டத்தில் 126, 129, ஒருவரைக் கூப்பிட்டு 'ஒழுங்காக இருப்பேன்' என்று பத்திரம் எழுதி வாங்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்ற அவசியம் இல்லாத கட்டுப்பாடு இது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 110-இல் எழுதிய பத்திரத்தை மீறியதாகச் சொல்லி நிர்வாக நடுவரே ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை நடுவரிடம்தான் போகவேண்டும் என்று சொல்லும்வரை, உள்ளே தள்ளுவதும் இதே மேஜையில் நடந்துகொண்டிருந்தது.

பழைய 110-இன் பட்டியலைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். வழக்கமாகத் திருடுபவர், திருட்டுப் பொருள் வாங்குபவர், கள்ள நாணயக்காரர் எல்லாம் உண்டு. வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தை மீறுவதை வழக்கமாகக் கொண்டவர்கூட உண்டு. பிள்ளைகளை வசப்படுத்துகிறவர் இல்லை. பட்டியல் போட்டவர்களின் பயம் சொத்தைப் பற்றியது.

அதே பயம் இன்னும் பெரிதாக எழுந்து நின்றதுதான் குற்றப் பழங்குடியினர் சட்டம். 1871-இல் வட இந்தியாவுக்கென்று வந்தது. 1911 திருத்தத்தில் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சமூகத்தைக் 'குற்றப்பரம்பரை' என்று அரசாங்கம் அறிவிக்கலாம், அறிவிப்பு சரியா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. அறிவிக்கப்பட்டவர்கள் போலீஸ் பதிவேட்டில் பெயரும் கைரேகையும் கொடுக்கவேண்டும், குறித்த இடைவெளியில் ஆஜராகவேண்டும், வீடு மாறினாலும் வெளியூர் போனாலும் சொல்லவேண்டும். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு. சில இடங்களில் ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும். கல்யாணமோ கருமாதியோ, சீட்டு இல்லாமல் போனால் குற்றம். கள்ளர், மறவர் உட்பட எத்தனையோ சமூகங்கள் இதில் சிக்கின. இன்று சீர்மரபினர் பட்டியலில் திருநெல்வேலி மாவட்ட மறவர் இருப்பதற்கு மூலம் இதுதான். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள் என்று அங்கே நினைவுகூர்கிறார்கள்.

ஒரு புரோகிராமராக எனக்கு இந்தச் சட்டத்தில் உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. பெயர்ப் பதிவேடு, முகவரி அறிவிப்பு, நடமாட்டக் கட்டுப்பாடு, மீறினால் தனிக் குற்றம் என்று இன்றைய இங்கிலாந்து உத்தரவில் இருக்கிற அத்தனை பாகமும் 1911-இலேயே இங்கே தயார். உள்ளே கொடுத்த இன்புட்தான் வேறு. அங்கே ஒரு மனிதன் செய்த, கோர்ட்டில் நிரூபணமான செயல். இங்கே பிறப்பு. அங்கே நீதிபதி எழுதுகிறார், மேல்முறையீடு உண்டு. இங்கே கெஜட் எழுதியது, கேட்க நாதியில்லை.

முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் குழு போட்டு விசாரித்து, 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் ரத்து. ஆனால் சென்னையில் 1948-இலேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். பிறப்புக்குப் பதிலாக, ஒருவர் வாங்கிய தண்டனைகளை அடிப்படையாக வைத்தது. திசை சரி. நடைமுறையில் போலீஸ் பழைய நோட்டைப் பார்த்துப் பழைய தெருவுக்கே போனது என்ற புகார் சீர்மரபினர் அமைப்புகளிடம் இன்றைக்கும் உண்டு. கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே ஒரு சாரார் முகம் சுருங்குவதற்கு நியாயம் இருக்கிறது. சிறைக்கு வெளியே கட்டுப்பாடு என்ற கருவியை நம் சட்டமன்றங்கள் தயங்கித் தயங்கியே தொடுவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்த இரைச்சலுக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஒரு சின்னப் பிரிவு உயிரோடு இருந்தது. 1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 565. நாணயக் குற்றம், சொத்துக் குற்றம் போன்றவற்றில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றத்தில் ஒருமுறை தண்டனை பெற்றவன், அதே மாதிரிக் குற்றத்தில் மறுபடி மாட்டினால், விடுதலைக்குப் பிறகு ஐந்து ஆண்டு வரை முகவரியைப் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று தண்டனை கொடுக்கும் கோர்ட்டே உத்தரவிடலாம். கவனியுங்கள்: பிறப்பு இல்லை, செயல். கெஜட் இல்லை, நீதிபதி. காலவரையும் உண்டு. கைரேகைச் சட்டத்துக்கு எது எது இல்லையோ அது எல்லாம் இதில் இருந்தது. 1973-இல் இது 356-ஆம் பிரிவானது. அப்போதும் திருடனும் கள்ளநாணயக்காரனும்தான் உள்ளே. மனித உடலுக்கு எதிரான குற்றங்கள், அதாவது பாலியல் வன்கொடுமையும் சேர்ந்த அத்தியாயம், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல், வீடு புகுந்தவனின் முகவரி வேண்டும், பிள்ளையைச் சிதைத்தவனின் முகவரி வேண்டாம் என்று இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகும் ஓர் ஓட்டை. 356 சொன்னது தண்டனைச் சட்டத்தின் அத்தியாயங்களை. போக்சோவும் 67பி-யும் தனிச் சட்டங்கள், அந்தப் பட்டியலில் வராது. 2024 ஜூலை 1-இல் அமலான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 394-ஆம் பிரிவு அத்தியாயப் பட்டியலைத் தூக்கிவிட்டு, மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறை வரக்கூடிய எந்தக் குற்றமும் என்று மாற்றியது. புதுச் சட்டங்களைப் பற்றி எவ்வளவோ சண்டை நடந்தது, இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பேசி நான் பார்க்கவில்லை.

மற்றபடி நம் கோர்ட்டுகள் நிபந்தனை போடுவது ஜாமீனில்தான். அதிலும் பாதை கரடுமுரடு. 2020-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், மானபங்க வழக்கில் கைதானவரிடம், புகார் கொடுத்த பெண் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ளச் சொல்லி ஜாமீன் கொடுத்தது. கட்டுப்பாடு என்ற பெயரில் அவள் வாசலுக்கே ஆளை அனுப்புவது! 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பாதிக்கப்பட்டவரோடு தொடர்பை உண்டாக்கும் எந்த நிபந்தனையும் கூடாது என்றது. 2024 ஜூலையில் பிராங்க் விட்டஸ் வழக்கு, அது போதைப்பொருள் வழக்கு. கூகுள் மேப்பில் பின் போட்டு போலீசோடு பகிரவேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின் போடுவது ஆளை நேரலையாகப் பின்தொடர உதவாது என்று கூகுளே பதில் தாக்கல் செய்திருந்தது. எந்நேரமும் ஆளைப் பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்றும் கோர்ட் சொன்னது. அது இன்னும் குற்றவாளி ஆகாதவருக்கான நியாயம். தண்டனை பெற்றவருக்கு அளவுகோல் வேறாகலாம், ஆனால் ஸ்மித் வழக்கில் கேட்ட அதே கேள்விகள் இங்கேயும் கேட்கப்படும் என்பது தெரிகிறது.

பதிவேடும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பர் 20-இல் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் தொடங்கியபோதே அதில் சுமார் நாலரை லட்சம் பதிவுகள். போலீஸ் மட்டுமே பார்க்கலாம். அமெரிக்கா மாதிரி பக்கத்து வீட்டுக்காரர் தேடிப்பார்க்கிற ஏற்பாடு இல்லை, அதுவே நல்லது என்பேன். நம் தெருக்களில் ஒரு பெயர் வெளியே வந்தால் அவன் சாதியும் சேர்ந்து வரும், அவன் தங்கச்சி கல்யாணமும் நின்றுபோகும். ஆனால் இந்தத் தரவுத்தளம் விசாரணைக்கு ஆளைத் தேட உதவுவது. யாரையும் எதையும் செய்யாதே என்று அது தடுக்காது.

ஆக, அக்காவுக்குச் சொல்ல இருந்த பதில்: விடுவார்கள். முதல் முறை தண்டனை பெற்றவனுக்கு 394 பொருந்தாது. இரண்டாவது முறை மாட்டினாலும் நீதிபதி விரும்பினால்தான், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அப்போதும் அந்தப் பிரிவு கேட்பது வீட்டு முகவரியையும் அதில் வரும் மாற்றத்தையும்தான். 1898-இல் திருடனைத் தேடிப்போக அது போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பதிவேட்டில் இருப்பவரின் மின்னஞ்சல் முகவரியையும் இணையப் பெயர்களையும் கேட்கிறது, அவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் வைக்கவும் சொல்கிறது. நம் 394-இல் அப்படி ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.